நடுநிலை என்பது நடுவில் நிற்பதா? இனவெறி குறித்த விவாதங்களைப் பற்றி

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலுள்ள சொத்து வேறுபாட்டைப் பற்றி உங்களுடன் பணிபுரியும் இருவரிடையே பேச்சு எழுந்ததாகவும், ஒருவர் "எல்லாவற்றுக்கும் காரணம் இனவெறிதான்" என்று முடித்துவிட, மற்றவர் "சட்டம் எல்லோருக்கும் ஒன்றாகி அறுபது ஆண்டு ஆகிறது, இன்னும் எத்தனை காலம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்" என்று திருப்பிக் கேட்டதாகவும், நடுவில் அகப்பட்டுக்கொண்ட நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததற்காக இருவரிடமும் வசவு வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய பேச்சில் நடுநிலையோடு பங்கேற்பது எப்படி என்பது உங்கள் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய விஷயம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நடுநிலை என்ற சொல்லையே பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் உண்மை இருவருக்கும் சரிபாதித் தொலைவில் இருக்கும் என்று நினைப்பதைப் பலர் நடுநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தராசு அப்படி வேலை செய்வதில்லை. வெறுந்தட்டுகளோடு இருக்கும்போது அதன் முள் நேராக நிற்க வேண்டும். எடையை வைத்த பிறகும் அது நேராகவே நின்றால் தராசு பழுது என்றுதான் பொருள். தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாக முத்திரை குத்தியது. ஐயம் எழுந்த இடங்களில் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த நிகழ்வுகள் உண்டு. அந்தச் சட்டத்தை அநீதி என்பவருக்கும் நிர்வாக வசதி என்பவருக்கும் இடையே ஒரு நடுப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. நடுநிலையாளரிடம் எதிர்பார்க்கத்தக்கது, எடை வைக்கப்படும் முன்பே முள் சாய்ந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே.

அடுத்த சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் "இனம்" என்ற ஒரே சொல் தோல்நிறத்தை வைத்து வகுக்கப்பட்ட கூட்டத்தையும், மொழியாலும் வரலாற்றாலும் ஒன்றான மக்களையும், பறவையினம் என்பதுபோல வெறும் வகையையும் குறித்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் "இனவாதம்" என்று சொல்லும்போது அதில் பெரும்பான்மைவாத அரசியலின் வாடை இருக்கிறது. பிறர் "நிறவெறி" என்று சொன்னால் தென்னாப்பிரிக்காவும் அமெரிக்காவும் நினைவுக்கு வருகின்றன. "இனவெறி" என்ற சொல்லில் இருக்கும் "வெறி"தான் இந்த விவாதங்களில் அதிகக் குழப்பத்தை உண்டாக்குகிறது என்பது என் எண்ணம். ஒரு வங்கியின் கடன் விதியையோ ஒரு மருத்துவக் கருவியின் பிழையையோ இனவெறி என்று ஒருவர் சொன்ன உடனே, கேட்பவர் கண் சிவந்து பல்லைக் கடிக்கும் ஒரு மனிதனைத் தேடுகிறார். அப்படி ஒருவன் அகப்படாததால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். சொன்னவருக்கோ, கண்முன் இருக்கும் அநியாயத்தையே இவர் மறுக்கிறாரே என்ற ஆத்திரம் வருகிறது. உண்மையில் இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் மூன்று சொற்களைப் பிரித்தே வைத்துக்கொள்கிறேன். ஓர் இனத்தார் பிறப்பாலேயே தாழ்ந்தவர் என்ற நம்பிக்கையும் அதிலிருந்து பிறக்கும் வெறுப்பும் இனவெறி. ஒருவரை அவருடைய இனத்தைக் காரணமாக்கி வேறுவிதமாக நடத்துவது இனப்பாகுபாடு. இதைச் செய்பவர் மனத்தில் வெறுப்பு இருக்கலாம், சோம்பலோ வழக்கமோ மட்டும் இருக்கலாம். வருமானம், ஆயுள், கல்வி, சிறைத்தண்டனை முதலியவற்றில் இனங்களுக்கிடையே காணப்படும் வேறுபாடு இன ஏற்றத்தாழ்வு. இது முன்னிரண்டின் விளைவாகவும் இருக்கலாம், வேறு காரணங்களாலும் வரலாம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1965-இல் ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, தன் முதல் பிரிவிலேயே, உரிமைகளைப் பறிக்கும் நோக்கமுடைய செயல்களையும் பறிக்கும் விளைவுடைய செயல்களையும் சேர்த்தே பாகுபாடு என்று வரையறுக்கிறது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது. அந்த "வம்சாவளி" என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002-இல் விளக்கமளித்ததும், இந்திய அரசு அதை ஏற்க மறுத்ததும் தனிக்கதை. சொற்களின் எல்லை எவ்வளவு பெரிய அரசியலாகிறது என்பதற்காகவே இங்கே அதைக் குறிப்பிட்டேன்.

சொற்களுக்கு அடுத்தபடியாகக் கேள்விகளையும் பிரிக்க வேண்டும். என்ன நடந்தது அல்லது நடக்கிறது, எந்த அளவில் நடக்கிறது, ஏன் நடக்கிறது, அதற்கு என்ன செய்வது என்ற நான்கும் நான்கு தனிக்கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சான்று வேறு. நான் பார்த்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, ஒருவர் முதல் கேள்விக்குச் சொன்ன விடையை மற்றவர் நான்காவது கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டு மறுத்ததால் மூண்டவை. இட ஒதுக்கீடு பிடிக்காத ஒருவர், அதற்கு இடம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, நடந்த வரலாற்றையே மறுக்கத் தொடங்கிவிடுவார். இழப்பீடு வேண்டும் என்று விரும்பும் ஒருவர், அந்தக் கோரிக்கை வலுவிழந்துவிடும் என்ற அச்சத்தில், ஒரு புள்ளிவிவரத்தில் உள்ள ஓட்டையை ஒப்புக்கொள்ள மறுப்பார்.

உங்கள் நண்பர்கள் சண்டையிட்ட சொத்து வேறுபாட்டையே எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2022-இல் நடத்திய குடும்ப நிதிக் கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து (குடும்பங்களைச் சொத்தின்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதன் சொத்து) சுமார் 2,85,000 டாலர் என்றும் கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து சுமார் 45,000 டாலர் என்றும் தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம். அதே காலத்தில் இவ்விரு பிரிவினரின் வருமான வேறுபாடு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. வருமானம் இந்த ஆண்டின் கதையைச் சொல்கிறது, சொத்தோ அப்பன் பாட்டன் காலக் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டு எண்களுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதே வரலாற்றின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்குப் போதுமான குறிப்பு.

அந்த வரலாற்றில் எல்லோரும் காட்டும் சான்று ஒரு வரைபடம். பெரும் பொருளாதார மந்தத்தின்போது வீடுகளை இழந்துகொண்டிருந்தவர்களைக் காப்பாற்ற அமெரிக்க அரசு 1933-இல் வீட்டுரிமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. அந்தக் கழகம் 1930-களின் பிற்பாதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்களில் தரம் பிரித்தது; சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் நிரப்பப்பட்ட படிவத்தில் வீடுகளின் வயது, வாடகை, குடியிருப்பவர்களின் தொழில் ஆகியவற்றோடு, அங்கே கறுப்பினத்தவர் உண்டா, எத்தனை விழுக்காடு என்று கேட்கும் ஒரு வரியும், எவர் "ஊடுருவி" வருகிறார்கள் என்று கேட்கும் ஒரு வரியும் இருந்தன. அரசாங்கப் படிவத்தில் குடியேறுவதற்கு ஊடுருவல் என்று பெயர் வைத்திருந்ததைப் பார்த்த பிறகு, அங்கே இனப்பாகுபாடு இருந்ததா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்க முடியாது.

ஆனால் இந்த வரைபடத்தைக் காட்டிவிட்டு "ஆகவே இன்றைய இடைவெளிக்கு இதுவே காரணம்" என்று தாண்டுவது சரியாகாது, ஏனெனில் பிற்கால ஆய்வுகள் கதையைச் சற்று மாற்றியிருக்கின்றன. சிவப்பு நிறம் தீட்டப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வெள்ளையர். அதே வேளையில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எல்லாமே சிவப்புக்குள் அடங்கின. இந்த இரண்டும் ஒருசேர உண்மை. வாதாடுபவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மேலும், அந்தக் கழகமே சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்திருந்தது. நீண்டகாலத் தீங்கில் பெரும்பங்கு 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தையே சேரும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அந்த நிர்வாகம் தனியார் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு வழங்கியது. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் நிபந்தனையை அதன் மதிப்பீட்டுக் கையேடு பரிந்துரைத்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்ய 1968 வரை ஆயிற்று.

இப்போது உங்கள் இரண்டாவது நண்பரின் "அறுபது ஆண்டு" வாதத்தைப் பாருங்கள். சட்டம் மாறியது உண்மை. அதை ஒன்றுமில்லாததுபோலப் பேசுபவர், அந்தச் சட்டத்துக்காக அடிவாங்கியவர்களின் உழைப்பையே சிறுமைப்படுத்துகிறார். ஆனால் ஒரு சட்டம் அடுத்த நாளிலிருந்து கதவைத் திறக்குமே தவிர, முந்தைய முப்பது ஆண்டுகளில் விலையேறிய வீடுகளைப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. 1968-க்கு முன் முப்பது வயதில் கடன் மறுக்கப்பட்ட ஒருவரின் பிள்ளைகள் இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது அந்தக் காலம். முதல் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இன்றைய இடைவெளியில் இன்றைய வருமானம், குடும்ப அமைப்பு, வயது, கல்விக் கடன், பங்குச் சந்தையில் முதலீடு செய்யும் வழக்கம் என்று பலவும் கலந்திருக்கின்றன, இவற்றில் சில பழைய பாகுபாட்டின் கிளைகளாகவே இருக்கலாம், எல்லாமே அப்படி என்று யாரும் நிறுவவில்லை. இத்தனை விழுக்காடு பழைய கொள்கையால் வந்தது என்று ஒற்றை எண்ணில் அடித்துச் சொல்பவரிடம், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

"அது பழைய காலம், இப்போதும் பாகுபாடு நடக்கிறதா" என்பது அடுத்துத் தவறாமல் வரும் கேள்வி. இதற்கு ஓரளவு தெளிவாகவே விடை சொல்லலாம், ஏனெனில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மரியான் பெர்த்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒத்த தரத்தில் அமைக்கப்பட்டிருந்தன. பெயர்கள் மட்டும் சிலவற்றில் வெள்ளையர் பெயராகவும் சிலவற்றில் கறுப்பினத்தவர் பெயராகவும் தோன்றும்படி வைக்கப்பட்டன. 2004-இல் வெளியான முடிவின்படி வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 9.7 விழுக்காடும் மற்றவற்றுக்குச் சுமார் 6.5 விழுக்காடும் அழைப்பு வந்தது. வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்தில் கிடைக்கும் ஓர் அழைப்பு, கறுப்பினத்தவர் பெயருக்குப் பதினைந்து அனுப்பினால்தான் கிடைக்கும் என்பதைத் தெருவில் இறங்கி வேலை தேடியவர்கள் எளிதில் உணர்வார்கள்.

இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைவிட எனக்குச் சுவையானதாகத் தோன்றுவது, 2022-இல் வெளியான இன்னொரு பெரிய சோதனை. அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களில் 108-ஐத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய 83,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் பெயர்களுக்கு வந்த அழைப்பு சராசரியாக 2.1 விழுக்காட்டுப் புள்ளி குறைவு. ஆனால் இந்த இழப்பு எல்லா நிறுவனங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மிக அதிகமாகப் பாகுபாடு காட்டிய ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களிடமே ஏறத்தாழப் பாதி இழப்பு குவிந்திருந்தது. "பாகுபாடு எங்கும் நீக்கமற நிறைந்திருக்கிறது" என்பவருக்கும் "பாகுபாடு ஒழிந்துவிட்டது" என்பவருக்கும் இந்த ஒரு முடிவு ஒருசேரப் பதில் சொல்கிறது: பாகுபாடு இருக்கிறது, ஆனால் சில இடங்களில் மிக அதிகமாகவும் சில இடங்களில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. எல்லோரையும் ஒரே பிரம்பால் அடிப்பதைவிட, அந்தச் சில நிறுவனங்கள் ஆளெடுக்கும் முறையில் என்ன கோளாறு என்று பார்ப்பது பயனுள்ள வழி என்று இதிலிருந்து தெரிகிறது.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. எந்த விகிதத்தைக் கேட்டாலும் அதன் அடியெண், அதாவது எத்தனை பேரில் என்ற எண், எது என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர், அவரும் கறுப்பினத்தவரே, 2016-இல் காவல்துறையின் பலப்பிரயோகம் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். தள்ளுவது, விலங்கிடுவது போன்ற சிறு பலப்பிரயோகங்களில் கறுப்பினத்தவர் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் அதிகமாகப் பாதிக்கப்படுவதையும், துப்பாக்கிச் சூட்டில் அத்தகைய வேறுபாடு தம் தரவுகளில் தென்படாததையும் அவர் கண்டார். தம் ஆய்வு வாழ்வில் தம்மை மிகவும் வியக்கவைத்த முடிவு அது என்றும் சொன்னார். ஒரு தரப்பு இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொண்டாடியது. மறுதரப்பு அவரையே சந்தேகித்தது. பொறுப்பான மறுப்பு வேறிடத்திலிருந்து வந்தது: காவலர்களால் நிறுத்தப்பட்டவர்களுக்குள் மட்டும் ஒப்பிடும்போது, யாரை நிறுத்துவது என்ற முடிவிலேயே ஓரவஞ்சனை இருந்தால், அது கணக்கில் மறைந்துபோகும் என்று பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சாதாரணக் காரணத்துக்கு நிறுத்தப்பட்ட பலர் சேர்ந்து அடியெண்ணைப் பெருக்கிவிட்டால் சூட்டு விகிதம் தானாகவே குறைந்து தெரியும். இந்தக் கருத்துவேறுபாடு இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒரே கேள்விக்குள் நின்று வாதாடினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நோக்கமா விளைவா என்ற சண்டை, சட்டத்தில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மின் நிறுவனம் கறுப்பினத்தவரை மிகக் குறைந்த கூலியுள்ள தொழிலாளர் பிரிவில் மட்டும் வைத்திருந்தது. பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப்பிரிவு 1965 ஜூலை 2-இல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அந்த நிறுவனம், மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று விதித்தது. விதியில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த மாநிலத்தில் பிரித்து நடத்தப்பட்ட தரங்குறைந்த பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவரில் மிகச் சிலரிடமே அந்தச் சான்றிதழ் இருந்தது; சான்றிதழ் இல்லாமலே ஏற்கெனவே அந்த வேலைகளில் இருந்த வெள்ளையர்களோ நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1971-இல் ஒருமனதாக, வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஓர் இனத்தாரை வெளியே நிறுத்துமானால் நோக்கம் நல்லதாக இருந்தாலும் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1976-இல், அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், அரசியலமைப்பை மீறியதாகச் சொல்வதற்கு நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும், விளைவு மட்டும் போதாது என்றது. இரண்டு அளவுகோல்களும் ஒரே நாட்டில் அருகருகே நிற்கின்றன. நாமும் அப்படிப் பேசலாம்: ஒரு விதியைத் திருத்துவதற்கு அதன் விளைவைக் காட்டினால் போதும்; ஒரு மனிதரை இனவெறியர் என்று சொல்வதற்கு அது போதாது.

வெறுப்பே இல்லாத இடத்திலும் இன ஏற்றத்தாழ்வு எப்படி வரும் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு, விரல்நுனியில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவி. அது தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருந்தோலில் மெலனின் அதிகம் இருப்பதால் அளவீடு பிசகலாம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று திருப்தியான எண்ணைக் காட்டிய நேரங்களில், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையில் 88-க்கும் கீழே இறங்கியிருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடும் வெள்ளை நோயாளிகளிடம் 3.6 விழுக்காடும். கொரோனாத் தொற்று உச்சத்தில் இருந்த ஆண்டில், அந்த எண்ணைப் பார்த்துத்தான் யாருக்கு ஆக்சிஜன் கொடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கருவியைச் செய்தவரிடமோ செவிலியரிடமோ வெறுப்பைத் தேடினால் அகப்படாது. எல்லாத் தோல்நிறத்தாரிடமும் போதிய அளவில் சோதித்துப் பார்க்காமல் விட்டதுதான் பிழை. இதை இனவெறி என்று அழைத்தால் கேட்பவர் முகம் சுளிப்பார். தற்செயல் என்று விட்டுவிட்டாலோ அடுத்த கருவியும் அப்படியே வரும்.

எதிர்த்திசையில் ஒரு தவறு நம்மவர்களிடம் மிக அதிகம். அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாகிவிடுவேன். "எங்கள் ஆட்கள் அமெரிக்கா போய் முன்னேறவில்லையா? பாகுபாடு இருந்தால் எங்களுக்கும் இருக்க வேண்டுமே" என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1917 முதல் இந்தியர் உள்ளிட்ட பெரும்பாலான ஆசியர்களுக்கு அமெரிக்கக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. இந்தியர் ஒருவர் வெள்ளையர் ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் அந்தத் தடை நீங்கியது. பெருமளவில் மக்கள் போகத் தொடங்கியது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. அதுவும் மருத்துவர், பொறியாளர், ஆய்வு மாணவர் என்று படிப்பைப் பார்த்துச் சலித்து எடுத்த கூட்டம். சலித்தெடுத்த கூட்டத்தின் சராசரியை, அடிமைகளாக இழுத்துவரப்பட்டு எந்தச் சலிப்பும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் ஒரு முழுச் சமூகத்தின் சராசரியோடு ஒப்பிடுவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதே. ஆயினும் அந்த வாதத்துக்குள் ஒரு நியாயமான துணுக்கு இருக்கிறது: தோல்நிறம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதாக இருந்தால், நைஜீரியாவிலிருந்து அண்மைக் காலத்தில் குடியேறியவர்களின் கல்வித் தேர்ச்சி அமெரிக்கச் சராசரியை விஞ்சியிருக்க முடியாது. வரலாறும் குடியேறிய விதமும் வர்க்கமும் சேர்ந்தே நிறத்தின் எடையைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன.

உயிரியலைப் பற்றியும் யாராவது இழுப்பார்கள். மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு, ஒவ்வொரு தனி மக்கள்குழுவுக்கும் உள்ளேயே இருக்கிறது என்று 1972-இல் மரபியலாளர் ரிச்சர்டு லெவோன்டின் காட்டினார். பிறகு வந்த ஆய்வுகளும் அதைப் பெரிதும் உறுதி செய்தன. முன்னோர் வாழ்ந்த நிலப்பகுதியைப் பொறுத்துச் சில மரபணுக்கள் கூடுதலாகக் காணப்படுவதும் உண்மையே. கறுப்பின நோய் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கிவிட்ட அரிவாள் செல் சோகை, இந்தியாவின் பழங்குடிகளிடமும் அரேபியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் இருக்கிறது, ஏனெனில் அது தொடர்ந்து வந்தது மலேரியா இருந்த இடங்களை, தோல்நிறத்தை அன்று.

எண்களும் சட்டங்களும் ஒருபுறம் இருக்க, மனிதர் மனிதரிடம் பேசும்போது என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். ஒருவர் உங்களிடம், "கடைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை காவலாளி என் பின்னாலேயே வந்தார்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அப்படியெல்லாம் இருக்காது, உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்" என்று சொல்வது, அங்கே இல்லாத ஒருவர் அங்கே இருந்தவருக்குச் சாட்சி சொல்வது. "பார்த்தீர்களா, இவர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்பதும் அங்கே இல்லாத ஒருவர் சொல்லும் சாட்சியே. "அப்போது கடையில் வேறு யார் இருந்தார்கள், அவர்களையும் பின்தொடர்ந்தாரா, முன்பும் இப்படி நடந்திருக்கிறதா" என்று அக்கறையோடு கேட்டால், சொல்பவருக்கு மதிப்புக் கொடுத்ததாகவும் ஆகிறது, நடந்தது என்ன என்பதும் தெளிவாகிறது. ஒருவருடைய அனுபவம் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்று. நாட்டில் எத்தனை பேருக்கு அப்படி நேர்கிறது என்பதற்குச் சான்றாகாது. புள்ளிவிவரம் எத்தனை பேருக்கு என்று சொல்லும். இந்த மனிதருக்கு இன்று காலை என்ன நடந்தது என்று சொல்லாது. அனுபவத்தைப் புள்ளிவிவரத்தால் வாயடைப்பதும், புள்ளிவிவரத்தை அனுபவத்தால் விரட்டுவதும் இந்தக் காரணத்தால்தான் பலன் தருவதில்லை. அந்தக் கேள்விகளைக் குறுக்கு விசாரணைத் தொனியில் கேட்டால் மேற்சொன்ன எல்லாம் வீண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது ஒரு தனிக் களைப்பு.

பேச்சு உடைந்துபோகும் இன்னோர் இடம் குற்றவுணர்வு. "என் தாத்தா எவரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை, நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்" என்று கேட்கும் வெள்ளையரின் கேள்வி நேர்மையானது. பிறப்பால் வரும் குற்றம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் இனவெறியின் அடிப்படைத் தர்க்கத்தையே ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆனால் அரசு என்பது தாத்தாவோடு இறந்துபோவதில்லை. பிரிட்டன் 1833-இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று, அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன், வேறு கடன்களோடு சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டு, 2015-இல்தான் முற்றிலும் அடைக்கப்பட்டது. அதுவரை வரி கட்டியவர்களில் அடிமைகளின் வழித்தோன்றல்களும் உண்டு. மாறாக, இரண்டாம் உலகப்போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரில் அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் அமெரிக்க அரசு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்னிப்புக் கடிதத்தோடு 20,000 டாலர் கொடுத்தது. எந்தத் தனிமனிதரையும் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. செய்தது அரசு, ஈடு செய்ததும் அரசு. பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று தெரிந்திருந்ததால் அது எளிதாயிற்று என்பதும், பல தலைமுறைக்கு முந்தைய அநீதிகளில் அந்த எளிமை இல்லை என்பதும் உண்மைதான்.

தீர்வுகளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, ஏனெனில் அங்கேதான் நேர்மையானவர்கள் நேர்மையாக வேறுபடுகிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தடுத்தது. பிரேசில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் வருமானத்தையும் இனத்தையும் சேர்த்துப் பங்கிட்டது. பிரான்ஸ் இனவாரியாகக் கணக்கெடுப்பதையே பொதுவாக அனுமதிப்பதில்லை. கணக்கெடுக்காமல் விட்டால் பிரிவினை மறையும் என்பது பிரான்ஸின் நம்பிக்கை. கணக்கெடுக்காவிட்டால் பாகுபாட்டைப் பிடிக்கவே முடியாது என்பது எதிர்வாதம். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். பிரேசிலின் வழியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் மேலே சொன்ன வரலாற்றை ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டிருக்க முடியும் என்பதே நான் சொல்ல வந்தது. ஒரு தீர்வை மறுப்பவர் எல்லோரையும் இனவெறியர் என்று அழைப்பவர், அந்தச் சொல் உண்மையில் தேவைப்படும் நாளில் அதற்கு வலு இல்லாமல் செய்துவிடுகிறார்.

வெறுப்பைக் கக்குபவரிடமும் இப்படித் தராசு பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். வேண்டாம். காரணம் எது, அளவு எவ்வளவு, மருந்து என்ன என்பவை தராசில் வைக்கத்தக்கவை. ஓர் இனத்தார் மனிதர்தாமா என்பது அப்படிப்பட்டதன்று. அந்தப் பேச்சை மறுத்துவிட்டு எழுந்துவிடலாம், மறுக்காமல் எழுவது மட்டும் கூடாது, குறிப்பாகப் பழிக்கப்படுபவர் அதே அறையில் இருக்கும்போது.

உங்கள் நண்பர்கள் இருவரும் அந்த வகையினர் அல்லர் என்று தோன்றுகிறது. அடுத்த முறை முதலாமவரிடம், "நீங்கள் இனவெறி என்று சொல்வது 1930-களில் எழுதிய கடன் விதியையா, இன்று விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் மேலாளரையா" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாமவரிடம், "அறுபது ஆண்டு என்று எந்தச் சட்டத்திலிருந்து எண்ணுகிறீர்கள், அந்த நாளில் யார் கையில் எவ்வளவு சொத்து இருந்தது" என்று கேளுங்கள். இருவரில் ஒருவராவது ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொன்னால் பேச்சைத் தொடரலாம். இல்லையென்றால், இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி எழுந்துபோவதில் குற்றமில்லை.